அலைவரிசையில் இடம் கேட்டவள்

சேவியரின் அழைப்பு வந்தபோது நான் வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால், காலி வீதியைக் கடக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் மரக்கறிப் பை, மறு கையில் போன். இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று முந்துவதற்காக விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. "திரும்பச் சொல்லுங்கோ, கேக்கேல்ல" என்றேன். திரும்பச் சொன்னார். அதுவும் கேட்கவில்லை. ஒரு புடவைக் கடைக்குள் நுழைந்து கண்ணாடிக் கதவைச் சாத்திய பிறகுதான் கேட்டது. "ரெஜினா போயிட்டா, பவானி."

காலையில் கணவர் சேவியருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, நெஞ்சு எரிகிறது என்று சொல்லிக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறாள். வாயுத் தொல்லை என்று நினைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வாகனம் கொட்டாஞ்சேனை ஒழுங்கையை விட்டுப் பெரிய வீதிக்கு ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதைச் சொன்னபோது சேவியரின் குரல் நடுங்கவில்லை. துறைமுகத்தில் கிரேன் இயக்கியவர். சத்தத்துக்கு நடுவே தெளிவாகப் பேசிப் பழகியவர். கடையில் நின்ற பெண் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னாள்.

பின்னேரம் நாங்கள் வேலை செய்யும் மையத்திலிருந்து இரங்கல் செய்தி எல்லோருடைய போனுக்கும் வந்தது. "ஆவணப் பிரிவு உதவியாளர் திருமதி ரெஜினா அவர்கள் காலமானார்" என்று தொடங்கியது. நான் அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். அந்தப் பக்கம் ஒரு பிள்ளை மிகவும் மரியாதையாகக் கதைத்தாள்.

"அக்கா, அவங்க கடைசியா இருந்த பதவி அதுதானே. சிஸ்டத்தில அப்பிடித்தான் இருக்கு."

"அவ அரைவாசி ஆயுசு ராடருக்கு முன்னால இருந்தவ. அது சிஸ்டத்தில இல்லையோ?"

"இருக்கும் அக்கா. ஆனா அது பழசு."

ஒரு மாத நினைவுத் திருப்பலியன்று கொடுக்கும் சிறு நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று சேவியர் கேட்டபோது, "நல்லதா எழுதுங்க, பவானி. ஆனா பொய்யா எழுத வேணாம்" என்றார். மையத்தின் பெயரைப் போட வேண்டாம் என்றும் சொன்னார். அவளை அறிந்த உங்களுக்கு அது தெரியும். அறியாதவர்களுக்கு அது தேவையில்லை. ஆகவே அவள் யாராக இருந்தாள் என்பதையும், அவளுக்கு என்ன நடந்தது என்பதையும் மட்டும் சொல்கிறேன். இதில் ஆறுதல் அதிகம் இருக்காது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ரெஜினா விமானக் கட்டுப்பாட்டாளர். எங்கள் வேலையைத் தெரியாத உறவினர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டும். வந்து இறங்கும் விமானங்களை வரிசைப்படுத்தி ஓடுபாதைக்கு அனுப்புவது எங்கள் பிரிவின் பொறுப்பு. இரண்டு விமானங்களுக்கு இடையே உயரத்தில் ஆயிரம் அடியாவது இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பக்கவாட்டில் சில கடல் மைல்களாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத நிலை வரவே கூடாது. இந்த இடைவெளியை நாங்கள் பேச்சால்தான் காக்கிறோம். வளைகுடாவிலிருந்து வருபவரும், இந்தியாவிலிருந்து வருபவரும், மாலைதீவிலிருந்து வருபவரும், நாங்களும் எல்லோரும் ஒரே அலைவரிசையில் பேசுகிறோம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் ஒரே கணத்தில் பேசும் பொத்தானை அழுத்தினால் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு கீச்சொலி மட்டும் கேட்கும். பேசிய இருவருக்கும் அதுகூடக் கேட்காது. தாங்கள் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டதென்று இருவரும் நினைத்துக்கொள்வார்கள்.

"வானத்துல இடம் நெறையக் கெடக்கு, பவானி. பேசுறதுக்குத்தான் இடம் இல்ல" என்பாள். காலை நேரத்தில், விமானங்கள் ஒன்றன் பின்னால் ஒன்றாக வந்து குவியும்போது, இது எவ்வளவு உண்மை என்று எங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். என் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்தது. அவள் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்தவள். அவளுடைய தாத்தா காலத்திலிருந்தே அங்கேதான். நான் "ஓம்" என்றால் அவள் "ஆமா" என்பாள். என்னுடைய தமிழைக் கேட்டால் பாடசாலையில் நிற்பதுபோல் இருக்கிறதென்று கேலி செய்வாள். போர்க் காலம் அது. விடியப்புறம் ஊழியர் வேன் எங்களை ஏற்றிக்கொண்டு போகும்போது வழியில் சோதனைச் சாவடிகள். ஒருநாள் புதிதாக வந்த சிப்பாய் ஒருவர் எங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டு, என்ன வேலை என்று கேட்டார். ரெஜினா தூக்கக் கலக்கத்தில் சிங்களத்தில், "ப்ளேன் இறக்குறோம்" என்று சொல்லிவிட்டாள். இரண்டு தமிழ்ப் பெண்கள் ப்ளேன் இறக்குகிறார்கள். சிப்பாயின் முகம் மாறியது. சாரதி இறங்கிப் போய், அது எந்த வகை இறக்கம் என்று விளக்கி முடிக்க நெடுநேரம் ஆனது. வேன் புறப்பட்ட பிறகு அவள் சொன்னாள்: "சுருக்கமாப் பேசணும்னுதான் படிச்சுக்கொடுத்தாங்க. எங்க சுருக்கக் கூடாதுன்னு சொல்லிக்கொடுக்கல."

அவளுக்குச் சுருக்கம் ஒரு வெறியாகவே இருந்தது. அலைவரிசையில் ஒரு சொல் மிஞ்சினால் அதை யாரோ ஒருவருடைய வாயிலிருந்து பறித்ததாக நினைப்பாள். ஒரு காலை, வெளிநாட்டு விமானி ஒருவர் தன்னைச் சுற்றவைத்துக் காக்கவைப்பதைப் பற்றி நீண்ட முறைப்பாடு ஒன்றை ரேடியோவில் தொடங்கினார். எரிபொருள், அட்டவணை, பயணிகளின் அடுத்த விமானம் என்று எல்லாவற்றையும் சொன்னார். பத்திரமாகப் பிரிக்கப்பட வேண்டிய விமானங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தன. அவர் மூச்செடுத்த இடைவெளியில் ரெஜினா மூன்று பேருக்கு அறிவுறுத்தல் கொடுத்து, மூவரிடமிருந்தும் பதிலும் வாங்கிவிட்டாள். பிறகு அவருக்கு, "நீங்கள் அடுத்தவர். மற்றதைத் தரையில் பேசலாம்" என்றாள். அவர் தரையில் பேசினார். கட்டுப்பாட்டாளர் மரியாதையில்லாமல் நடந்தார் என்று எழுத்தில் முறையிட்டார். அவளிடம் விளக்கம் கேட்டார்கள். விளக்கத்தையும் அவள் ஒரே வரியில் எழுதிக் கொடுத்ததால் திரும்பவும் விளக்கம் கேட்டார்கள்.

பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்களில் பலர் வெளிநாட்டுக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மிஞ்சியவர்கள்மேல் வேலை ஏறியது. சுற்றுலாப் பயணிகள் மீண்டும் வரத் தொடங்க, காலை நேர விமானங்களும் கூடின. அலைவரிசை மட்டும் ஒன்றாகவே இருந்தது. வருபவர்களை இரண்டாகப் பிரித்து, இரண்டு அலைவரிசைகளில், இரண்டு கட்டுப்பாட்டாளர்கள் பார்க்க வேண்டும் என்று ரெஜினா கேட்கத் தொடங்கினாள். புதிய கருவிகூடத் தேவையில்லை. பக்கத்து மேசை காலியாகத்தான் கிடந்தது. தேவைப்பட்டது காலைக் கடமைக்கு இன்னொரு ஆள்.

எங்கள் பிரிவுத் தலைவரை ஒருநாள் இருத்திவைத்து, அன்று காலை பதிவான பேச்சைப் போட்டுக் காட்டினாள். நானும் இருந்தேன். ஒரு குரல், ஒரு கீச்சொலி, மறுபடி ஒரு குரல், "நீங்கள் சொன்னது கேட்கவில்லை, திரும்பச் சொல்லவும்", மறுபடி கீச்சொலி. கேட்டுக்கொண்டிருக்கவே தலை வலித்தது. தலைவர் கெட்டவர் இல்லை. முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஆனால் எல்லோரும் பத்திரமாகத்தானே இறங்கியிருக்கிறார்கள்" என்றார்.

"இதுவரைக்கும் அதிர்ஷ்டம் இருந்திருக்கு, சேர்" என்றாள் ரெஜினா. "அத நாங்க டியூட்டிக்குப் போட முடியாது."

ஆள் இல்லை என்றார் அவர். அதுவும் உண்மைதான். அப்படியானால் தான் மேலதிகக் காலைகள் வருவதாகச் சொன்னாள். மேலிடத்துக்கு எழுதுவதாக அவர் சொன்னார். எழுதினார் என்றுதான் நினைக்கிறேன். பதில் வந்ததாக நாங்கள் யாரும் கேள்விப்படவில்லை. அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். கூட்டங்களில் அவள் வாயைத் திறக்கும்போதே சிலர் பேனையை மூடிவைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி அந்தக் காலையைச் சொல்ல வேண்டும்.

தென்மேல் மழைக் காலம். மேற்கே கடலின்மேல் இடிமேகங்கள் வரிசையாக நின்றன. மேகத்தைச் சுற்றிப் போக அனுமதி கேட்டு விமானிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ரெஜினா ராடருக்கு முன்னால் இருந்தாள். நான் அவளுக்கு மறுபக்கத்து மேசையில், ஓடுபாதைக் கோபுரத்தோடு தொலைபேசியில் ஒருங்கிணைக்கும் வேலையில் இருந்தேன். வளைகுடாவிலிருந்து வந்த பெரிய விமானம் ஒன்று மூவாயிரம் அடிக்கு இறங்க அனுமதி பெற்று இறங்கிக்கொண்டிருந்தது. மாலைதீவிலிருந்து வந்த சிறிய விமானம் ஒன்று நாலாயிரம் அடியில், வேறு பக்கத்தில் இருந்தது. முன்னால் ஒரு மேகம் வந்ததால் சிறிய விமானம் விலகித் திரும்பவேண்டி வந்தது. திரும்பியதும் பெரியதன் பாதைக்கு நேர் கீழே வந்துவிட்டது.

ரெஜினா அதை உடனே பார்த்தாள். பெரிய விமானத்திடம், ஐயாயிரம் அடியில் நில்லுங்கள் என்றாள். விமானி கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அவர் கேட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். பதில் வர வேண்டிய கணத்தில் வேறு இருவர் ஒன்றாக மேகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். கீச்சொலி. ரெஜினா திரும்பவும் சொன்னாள். அதன்மேல் வேறொருவர் ஏறினார். மறுபடி கீச்சொலி. திரையில் பெரிய விமானத்தின் உயரம் ஐயாயிரத்தைத் தாண்டிக் கீழே போனது. அவர்களுக்கு அறிவுறுத்தல் போய்ச் சேரவேயில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்த இடத்தில் நானாக இருந்திருந்தால் மூன்றாம் தடவையும் பெரிய விமானத்தையே கூப்பிட்டிருப்பேன். நம்மில் அநேகர் அப்படித்தான் செய்வோம். கேட்காதவனிடமே சத்தமாகச் சொல்வோம். அவள் அந்த விமானத்தை விட்டுவிட்டாள். அலைவரிசையில் ஒரு சிறு அமைதி வந்தது. அதற்குள் சிறிய விமானத்தின் பெயரைச் சொல்லி, உடனே வலப்பக்கம் திரும்பச் சொன்னாள். அந்த விமானி வழமையாகவே அளந்து பேசுபவர். "வலம் திரும்புகிறோம்" என்று பதில் வந்தது. அவள் சொல்லாமலே நான் கோபுரத்துக்குப் போன் எடுத்து, புறப்பட யாரையும் விடவேண்டாம் என்றேன். இரண்டு புள்ளிகளும் திரையில் நெருங்கின. இருக்க வேண்டிய இடைவெளி இல்லாமல் போனது. பிறகு விலகின. பெரிய விமானம் தன் பாட்டில் இறங்கியது. உள்ளே இருந்த பயணிகள் ஜன்னலால் தென்னைமரங்களைப் பார்த்திருப்பார்கள்.

கடமையிலிருந்து அவளை மாற்ற ஆள் வரும்வரை, மீதி விமானங்கள் அத்தனையையும் அவளே இறக்கினாள். எழுந்தபோது அவளுடைய சட்டையின் முதுகுப் பக்கம் முழுக்க நனைந்திருந்தது. "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டேன். "பேச்சுக் குடுக்காத, பவானி. காதுக்குள்ள இன்னும் எல்லாரும் பேசுறாங்க" என்றாள்.

விசாரணை நடந்தது. நடக்கத்தான் வேண்டும். மூன்று பேர் கொண்ட குழு என்னையும் கூப்பிட்டது. அலைவரிசை நெரிசலாகிப்போயிருந்தது, இரண்டாவது அலைவரிசை வேண்டுமென்று அவள் முன்பே கேட்டிருந்தாள் என்று சொன்னேன். குழுவில் ஒருவர் கையை உயர்த்தி, "அது இந்த விசாரணையின் எல்லைக்குள் வராது. அன்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள்" என்றார். அன்று நடந்ததே அதுதான் என்று சொன்னேன். அவர் அடுத்த கேள்விக்குப் போனார்.

அறிக்கையில் ஒரு வசனம் இருந்தது. கட்டுப்பாட்டாளர், விமானி திருப்பிச் சொல்லியதை உறுதிசெய்யத் தவறினார். அந்த வசனத்தில் பொய் இல்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை எரிகிறது. உறுதிசெய்யவில்லைதான். ரெஜினா அதை வாசித்துவிட்டு, "தவறினார்னு எழுதியிருக்காங்க. சரியா செய்றதுக்கு ஒரு நொடி கெடச்சிருந்தா நான் ஏன் தவறப்போறேன்?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை. நான்தான் இருந்தேன்.

மறுபயிற்சி முடியும்வரை ராடரில் இருக்க வேண்டாம் என்று அவளை ஆவணப் பிரிவுக்கு அனுப்பினார்கள். மறுபயிற்சிக்குத் திகதி கொடுக்கவில்லை. கேட்டால், பயிற்சி கொடுக்க ஆள் இல்லை என்றார்கள். அவள் அதே ஊழியர் வேனில் எங்களோடு வந்து, நாங்கள் மேல்மாடியில் இருக்கும் ராடர் அறைக்கு ஏறும்போது கீழ்த்தளத்திலேயே நின்றுவிடுவாள். வளைகுடாவிலிருந்து அவளுக்கு ஒரு வேலை வருவதாக இருந்தது. அறிக்கையைக் கேட்டார்கள், அதோடு அதுவும் நின்றது.

இப்படியான கட்டுரைகளில் இறந்தவர் எல்லாவற்றையும் புன்னகையோடு தாங்கினார் என்று எழுதுவது வழக்கம். ரெஜினா தாங்கவில்லை. அவளோடு இருப்பது கஷ்டமாகிவிட்டது. வீட்டில் சேவியரோடு சண்டை. வேனில் யாராவது காலை நெரிசலைப் பற்றிக் கதைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் நான், "கொஞ்சம் பொறு, எல்லாம் சரி வரும்" என்று சொல்லிவிட்டேன். "ஒனக்கென்ன, நீ இன்னும் அந்தக் கதிரையிலதானே இருக்கே" என்றாள். பிறகு சில கிழமைகள் நாங்கள் கதைக்கவில்லை. ஒரு விடியற்காலை வேனில் அவளாகவே எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே பார்த்துக்கொண்டு, "இன்னிக்கு மேற்கால இருட்டிக்கிட்டு நிக்குது. வாறவங்கள நேரத்தோட பிரிச்சு வை" என்றாள். எங்களுக்குள் சமாதானம் அவ்வளவுதான்.

நுகேகொடையில் ஒரு சட்டத்தரணியைப் பார்க்க இருவரும் போனோம். அவர் நல்ல மனிதர். அறிக்கையை இரண்டு முறை வாசித்தார். வழக்குப் போடலாம், ஆனால் எழுதியிருக்கும் வசனம் தவறில்லையே, எழுதாமல் விட்டதைத்தானே நாங்கள் காட்ட வேண்டும், அது முடிய நீங்கள் ஓய்வு பெற்றுவிடுவீர்கள் என்றார். திரும்பி வரும்போது எங்கள் ஓட்டோ கிருலப்பனைச் சந்தியில் அகப்பட்டுக்கொண்டது. சிக்னல் வேலை செய்யவில்லை. நாலு பக்கமும் வாகனங்கள், எல்லாம் ஹோர்ன் அடித்தன. எங்கள் ஓட்டோக்காரத் தம்பியும் அடித்தார்.

"தம்பி, எதுக்கு அடிக்கிறீங்க?" என்று ரெஜினா சிங்களத்தில் கேட்டாள்.

"எல்லாரும் அடிக்கிறாங்களே, மிஸ்."

அவள் நெடுநாளைக்குப் பிறகு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "பாத்தியா, பவானி? ஒருத்தருக்கும் ஒண்ணும் கேக்கல. ஆனா எல்லாரும் சொல்லிட்டாங்க." அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஹெவ்லொக் டவுன் வரும்வரை அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது அலைவரிசை வந்தது. அவள் கீழே அனுப்பப்பட்டு நெடுநாள் கழித்து, புதிதாகப் பயிற்சி முடித்தவர்கள் சேர்ந்த பிறகு, அவள் சொன்ன அதே முறையில், அவள் காட்டிய அதே காலி மேசையில் வந்தது. சிறு வைபவம் வைத்தார்கள். பூ, பேச்சு, படம் எடுத்தல், ரிப்பன் கேக். முன்னோக்கிய சிந்தனைக்காகப் பலருக்கு நன்றி சொன்னார்கள். அந்தப் பெயர்களில் அவளுடைய பெயர் வரும் என்று நான் கடைசிவரை காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து சொல்வதற்குக் கையை உயர்த்தினேன். அதற்குள் கைதட்டல் தொடங்கிவிட்டது. ஒரு தட்டில் கேக்கை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அவள் திட்டுவாள், அல்லது வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன்.

"எங்கிட்டக் கேக்காம நான் கேட்டதுக்கு வெட்டின கேக்கு" என்று சொல்லி, அவள் ஒரு துண்டைச் சாப்பிட்டாள். பிறகு என்னுடைய துண்டையும் எடுத்துச் சாப்பிட்டாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "மேல எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு. மூச்சு விட நேரம் இருக்கு."

"சந்தோசம். இனி யாருக்கும் எனக்கு நடந்தது நடக்காது." வெறும் தட்டை என் பக்கம் தள்ளினாள். "ஆனா என் கோவம் போகலடி. போகணும்னு நெனைக்காத."

ஓய்வுக்கு முன்னால் ஒரு தடவையாவது ராடருக்கு முன் உட்கார வேண்டும் என்று அவள் கடைசியாகக் கேட்டாள். மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், அதில் தேறினாள். பிறகு, ஓய்வு நெருங்கிவிட்டதால் பயிற்சி கொடுப்பதில் பயனில்லை என்றார்கள். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சேவியர்தான் சொன்னார். அன்று முழுவதும் வீட்டைக் கழுவினாளாம்.

செத்த வீட்டில் நடந்த ஒன்றையும் நீங்கள் அறிய வேண்டும். உங்களில் பலர் அப்போது செபமாலை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தனியாக வந்து பெட்டியருகே நின்றார். சிங்களவர். யாருக்கும் அவரைத் தெரியவில்லை. சேவியரிடம் ஏதோ கேட்டார். சேவியர் என்னைக் காட்டினார். அவர் வந்து, தன் பெயர் நிமல், விமானி என்றார். அந்தக் காலை சிறிய விமானத்தை ஓட்டியது தான் என்றார். ரெஜினாவை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தார். குரலை மட்டும் பல வருடமாகத் தெரியும்.

"அன்றைக்கு அலைவரிசையில் ஒன்றும் விளங்கவில்லை என்று விசாரணையில் தொலைபேசியில் சொன்னேன்" என்றார் ஆங்கிலத்தில். "அவர் எங்களைத் திருப்பியிருக்காவிட்டால் நாங்கள் இல்லை என்றும் சொன்னேன். அதெல்லாம் அறிக்கையில் இருக்கிறதுதானே?"

"இல்லை" என்றேன்.

"அவருக்காவது தெரியுமா, நான் சொன்னது?"

தெரியாது என்றேன். பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். விமானிகளும் நாங்களும் சந்திப்பதில்லை. அது அப்படியொரு வேலை. ஆனால் கொழும்புக்கும் விமான நிலையத்துக்கும் இடையில் ஒரு மணி நேரப் பயணம்தான். யாராவது ஒருவர் அவருடைய வாக்கியத்தைக் கொண்டுவந்து அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் அதைக் கேட்டிருக்க வேண்டும். சேவியரிடம் சொன்னபோது அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு, "காதுல சொல்லவா?" என்று கேட்டார். பிறகு குனிந்து சொன்னார்.

இந்த இடத்தில் நான் அமைதியடைந்தேன் என்று எழுதினால் அது பொய். அடக்கம் முடிந்த அடுத்த கிழமை, நிமலும் நானும் சேர்ந்து, அறிக்கையைத் திறந்து அவருடைய வாக்குமூலத்தைச் சேர்க்கவேண்டும் என்று மேலிடத்திடம் எழுத்தில் கேட்டோம். அவளைவிட வயதில் குறைந்த எனக்கு இன்னும் சேவைக்காலம் இருக்கிறது. இதனால் என்ன வரலாம் என்று யோசித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். பதில் இல்லை.

அவளிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று சேவியர் கேட்டார். ஒரு பழக்கம் மிஞ்சியது: ஒரு விமானி பேசி முடித்தபின் பொத்தானை அழுத்துமுன் ஒரு மூச்சு நேரம் காத்திருக்கிறேன், வேறு யாரோ பேச வருகிறார்களா என்று. மற்றது, நேற்று நடந்தது. பிரிவுத் தலைவரின் அறைக்குப் போய், பதில் வந்ததா என்று கேட்டேன். இன்னும் இல்லை, வந்தால் சொல்லி அனுப்புகிறோம் என்றார். எப்போதும் நான் அதோடு எழுந்து வந்துவிடுகிறவள். நேற்று எழவில்லை. "நான் இருக்கிறன், சேர். நீங்கள் எடுத்துக் கேளுங்கோ" என்றேன். அவர் தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை.

"திரும்ப அடியுங்கோ" என்றேன்.